டெம்ப்டேஷன்ஸ் + ஃபோர் டாப்ஸ் கச்சேரிக்கு முதல் தடவை போகிறேன், என்ன எதிர்பார்க்கலாம்?

டிராய்வாசி | வெள்ளி இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். மிஷிகனில் டிராய் என்ற ஊரில் நாலு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், டெட்ராய்ட்டுக்குப் பக்கம்தான். அடுத்த வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். கார் ஃபாக்டரியில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர், வயது 74. பனி கொட்டினால் அவர் வீட்டு வாசலையும் சேர்த்து நான் வாரிவிடுவேன். மறுநாள் பீச் பழம் போட்டுச் சுட்ட பலகாரம் ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். இப்படி ஓடுகிறது கொடுக்கல் வாங்கல்.

போன ஞாயிறு வந்து இரண்டு டிக்கெட்டை நீட்டினார். அறுபதுகளில் கொடிகட்டிப் பறந்த டெட்ராய்ட் பாட்டுக் குழுக்கள் டெம்ப்டேஷன்ஸும் ஃபோர் டாப்ஸும் ஒரே மேடையில், டெட்ராய்ட் ஃபாக்ஸ் தியேட்டரில். தங்கையும் தங்கை கணவரும் வருவதாக இருந்து வர முடியாமல் போய்விட்டதாம், நானும் மனைவியும் கூட வரவேண்டும் என்றார். "ஜீன்ஸ் போட்டு வந்தால் எனக்கு உன்னைத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தெரிந்தது டெம்ப்டேஷன்ஸின் 'மை கேர்ள்' ஒன்றுதான். அதிலும் அந்தத் தொடக்கத்துக் கிடார்தான் நன்றாகத் தெரியும். யூடியூபில் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்டேன், மிரண்டுவிட்டேன். அப்புறம் சோல் என்கிற இந்தக் கறுப்பின இசையின் பழைய பாடகர்களின் சமீபத்துக் கச்சேரிகள், யாரோ செல்போனில் எடுத்த துண்டுகள் சிலவற்றைப் பார்த்தேன். கொஞ்சம் மனசு விட்டுப்போனது. அறுபதுகளில் பாடியவர்கள் இப்போது பாடினால் எப்படி இருக்கும்? அதே ஆட்கள்தானா? எவ்வளவு நேரம் நடக்கும்? உட்கார்ந்து கேட்பதா, எழுந்து ஆடுவதா? நான் போன கச்சேரிகள் என்றால் மயிலாப்பூர் சபாக்களும் ஸ்டேடியத்தில் ஒரு ராஜா நிகழ்ச்சியும்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையரேடியோ | வெள்ளி இரவு 10:30

கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள். அந்த அம்மா கூட்டிக்கொண்டு போகிறார் என்பதிலேயே பாதிக் கச்சேரி முடிந்துவிட்டது.

"அதே ஆட்களா" என்று கேட்டால், இல்லை. 'மை கேர்ள்' பாடிய ஐவரில் இன்று இருப்பவர் ஓட்டிஸ் வில்லியம்ஸ் ஒருவர்தான், 1941இல் பிறந்தவர். பால் வில்லியம்ஸ் 1973இல் போனார், டேவிட் ரஃபின் 1991, எடி கென்ட்ரிக்ஸ் 1992, மெல்வின் ஃபிராங்க்ளின் 1995. ஃபோர் டாப்ஸில் கடைசியாக நின்றவர் டியூக் ஃபக்கீர், அவரும் 2024 ஜூலையில் 88 வயதில் மறைந்துவிட்டார். அந்த நால்வரில் இப்போது யாருமே இல்லை. நால்வரில் ஒருவரான லாரன்ஸ் பேட்டனின் மகன் அப்பா நின்ற இடத்தில் நிற்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிஞ்சியிருக்கும் ஓட்டிஸ் அந்தக் காலத்திலேயே முன்னணிக் குரல் இல்லை. 'மை கேர்ள்' ரஃபினுடையது. உச்சத்தில் பாடுவது கென்ட்ரிக்ஸ், அடிமட்டத்தில் உறுமுவது மெல்வின். ஓட்டிஸ் நடுவில் நின்று குழுவைக் கட்டி மேய்த்தவர். ரஃபினை 1968இல் வெளியே அனுப்பி டென்னிஸ் எட்வர்ட்ஸைக் கொண்டுவந்தார்கள். ரஃபின் சும்மா இருப்பாரா? கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கிப் பாடிவிட்டுப் போவாராம். கென்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும் 1971இல் விலகிவிட்டார்கள். ஆக, நாம் "ஒரிஜினல்" என்று உருகும் அந்த ஐந்து பேர் சேர்ந்து நின்றது 1964 தொடங்கி 68 வரை, சுமார் நாலரை வருடம். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட அறுபது வருடமாக வந்தவர்கள் போனவர்கள் கதைதான்.

நேரக் கணக்கு: இரண்டு குழு சேர்ந்து நடத்தும் கச்சேரியில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். நடுவில் இடைவேளை. ரசிகர்கள் வயதானவர்கள் என்பதால் சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்துப் பத்து, பத்தரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆட்டத்தைக் கவனியுங்கள். அறுபதுகளின் நடுவில் இவர்களுடைய ரெக்கார்ட் கம்பெனியான மோட்டவுன், சோலி அட்கின்ஸ் என்ற பழைய டாப் டான்ஸ்காரரை (ஷூவால் தரையில் தாளம் தட்டி ஆடுபவர்) வைத்துக் குழுக்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தது. பாடாத இடத்தில்தான் சுற்றல், துள்ளல் எல்லாம். அடுத்த வரி வரும்போது வாய் மைக்குக்கு நேராக வந்துவிட வேண்டும், மூச்சும் வாங்கக் கூடாது. அப்படிக் கணக்குப் பண்ணிச் செய்த அடவு அது. இன்று ஆடுபவர்களும் அந்த வழியில் வந்தவர்கள்தான். குரலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஐந்து பேர் ஒரே தோளாகத் திரும்புவதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

---

சந்துமுனை | வெள்ளி இரவு 11:15

பழையரேடியோ சார் எப்போதும் தேன் தடவித்தான் மருந்து கொடுப்பார். நான் தடவாமல் கொடுக்கிறேன்.

ஏழெட்டு வருடம் முன்பு நியூ ஜெர்சியில் ஒரு சூதாட்ட விடுதியில் இப்படிப்பட்ட குழு ஒன்றின் கச்சேரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். போஸ்டரில் 1966ஆம் வருடத்துப் படம். மேடைக்கு வந்த ஐந்து பேரில் மூத்தவருக்கு 45 இருக்கும். அந்தக் குழுவின் பாட்டுகள் வந்தபோது அவருடைய அம்மாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது. சரி, பாடட்டும் என்று பார்த்தால் ஒரு பாட்டும் முழுசாக இல்லை. பல்லவி, கைதட்டல், அடுத்த பல்லவி. 22 பாட்டை 14 நிமிடத்தில் முடித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் மனைவியிடம் "பாத்ரூம் போய்விட்டு வருகிறேன்" என்று போய்த் திரும்பி வருவதற்குள் 1965, 66, 67 மூன்று வருடமும் முடிந்துவிட்டது.

டிக்கெட்டுக்குக் கொடுத்தது 90 டாலர். அதற்கு ஒரிஜினல் ரெக்கார்டையே வாங்கி வீட்டில் கேட்டிருக்கலாம். உங்களுக்கு ஓசி டிக்கெட் என்பதால் போய் வாருங்கள். ஆனால் குரலைத் தேடிப் போகாதீர்கள், அது அங்கே இல்லை.

---

நீலாம்பரி_66 | சனி காலை 6:05

சந்துமுனை சொன்ன ஏமாற்று நிஜம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதனால்தான் சட்டமே வந்தது. மோட்டவுனின் பெண்கள் குழுவான சுப்ரீம்ஸைச் சேர்ந்த மேரி வில்சன் ஊர் ஊராகப் போய் இதற்காக வாதாடினார். பழைய குழுவின் பெயரில் மேடை ஏறினால் அந்த ரெக்கார்டில் பாடிய ஒருவராவது இருக்க வேண்டும், அல்லது பெயருக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் இது நினைவுக் கச்சேரி என்று வெளிப்படையாகப் போட வேண்டும். பென்சில்வேனியாவில் 2005இல் ஆரம்பித்து முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று இப்படிச் சட்டம் இருக்கிறது. டிராய்வாசி போகும் இரண்டு குழுவும் அந்தப் போலிக் கணக்கில் வராது. பெயர் பரம்பரையாக வந்தது.

குரலுக்கு வருகிறேன். நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள், அதனால் என் காது அங்கேதான் போகும்.

வயதானால் எல்லோரும் கட்டையை, அதாவது சுருதியை, இறக்குகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் ஊரிலும் அஞ்சரைக் கட்டையில் ஆரம்பித்தவர்கள் கடைசியில் மூன்றில் வந்து நின்றிருக்கிறார்கள். பல பாட்டுக்கு அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் ஃபோர் டாப்ஸ் பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னணிக் குரல் லீவை ஸ்டப்ஸ் கனமான நடுக்குரல்காரர். பாட்டெழுதி இசையமைத்த ஹாலந்து, டோஜியர், ஹாலந்து மூவரும் வேண்டுமென்றே அவருக்கு எட்டாத உயரத்தில் மெட்டுப் போட்டார்கள். எட்டிப் பிடிக்க அவர் திணறுவதுதான் அந்தப் பாட்டுகளின் கெஞ்சல். 'ரீச் அவுட் ஐல் பி தேர்' (1966) கேளுங்கள், கூரையேறிக் கத்துகிற மாதிரி இருக்கும். அதைச் சௌகரியமான கட்டைக்கு இறக்கினால் மெட்டு அப்படியே இருக்கும், திணறல் போய்விடும். திணறல் போனால் பாட்டும் போச்சு. இன்று பாடுபவர் ஒவ்வொரு ராத்திரியும் இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

வயதான பாடகர்களிடம் குரலில் முதலில் போவது உச்சமும் நீண்ட மூச்சும். கடைசி வரை போகாதது காலப்பிரமாணம். எந்தச் சொல்லை ஒரு இழை தாமதமாகப் போட்டால் கூட்டம் மூச்சைப் பிடிக்கும் என்பது எண்பதிலும் தெரியும், சொல்லப்போனால் எண்பதில்தான் நன்றாகத் தெரியும். மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் 1939இல் பிறந்தவர். குரல் கரகரத்து இறங்கிவிட்டது, 1972இல் வந்த 'ஐல் டேக் யூ தேர்' பாட்டின் அந்தப் பளபளப்பு இப்போது இல்லை. ஆனால் அந்த வரியை அவர் இழுத்துப் பாதியில் விட்டால் மீதியை அரங்கம் எடுத்துக்கொள்கிறது. அவர் பாடாமல் விடும் இடம் பாடும் இடத்தைவிட அழகு.

---

ஸ்கார்பரோ_சிவா | சனி காலை 8:20

நீலாம்பரி அக்கா சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். நான் கனடாவில் முப்பது வருடமாக இருக்கிறன். வந்த புதிதில் கிட்டங்கியில் இரவு வேலை. கூட வேலை செய்த ஜமைக்கா அண்ணை ஒருவர் கசெட்டில் ஓட்டிஸ் ரெடிங் என்ற சோல் பாடகரைப் போட்டுத் தருவார். அப்படித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

தம்பி, இந்தக் கச்சேரி தேவாலயத்தில் இருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ளுங்கோ. போதகர் ஒரு வரி சொல்ல, சபை பதில் சொல்லும். சோல் பாடகர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சபையில் பாடிப் பழகியவர்கள். சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் தகப்பன் டெட்ராய்ட்டில் பெரிய போதகர். அதனால் பார்வையாளர் சும்மா இருக்கமாட்டினம். "பாடு!" என்று கத்துவினம், "அவசரப்படாதே, ஆறுதலாப் பாடு" என்று கத்துவினம், கையைத் தூக்கி ஆட்டுவினம். சத்தம் போடுகிறார்கள் என்று முகம் சுழிக்க வேண்டாம். அது பாட்டின் பாதி.

சில வருடத்துக்கு முன் ஒரு சின்ன மண்டபத்தில் வயதான பாடகர் ஒருவரைப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஒரே ஒரு பாட்டு ஓடியது, அதோடு சரி. 78 வயது. மேடைக்கு ஏறும் மூன்று படியை ஏற ஒரு பெடியன் கையைப் பிடித்துவிட்டான். கதிரையில் இருத்திவிட்டார்கள். முதல் இரண்டு பாட்டும் கரகரப்புத்தான், எனக்கு ஐயோ என்று இருந்தது. மூன்றாவது பாட்டில் பாடுவதை நிறுத்திப்போட்டுக் கதைக்கத் தொடங்கினார். மனிசி செத்த கதை. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பாட்டைப் பாடினார் என்று சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் கதை முடிந்து பாட்டுத் தொடங்கியது என்றே தெரியவில்லை. டிரம்ஸ்காரன் குச்சியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்ததை மட்டும் கண்டேன். பார்த்தால் மனிசன் எழும்பி நிற்கிறார், கதிரை பின்னுக்கு விழுந்து கிடக்குது.

அந்தக் கதையை ஒவ்வொரு ஊரிலும் சொல்லுவார் போல, அது வேற விஷயம்.

---

பழையரேடியோ | சனி காலை 9:10

சிவா, அந்தக் கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு காபி.

பேச்சும் கலையின் பகுதிதான். ஐசக் ஹேய்ஸ் என்ற சோல் பாடகர் 1969இல் ஒரே பாட்டை 18 நிமிடத்துக்கு மேல் நீட்டி ரெக்கார்ட் போட்டார், அதில் கிட்டத்தட்ட முதல் பாதி வெறும் பேச்சு. பின்னால் ஆர்கன் ஒரே சுருதியில் நின்றுகொண்டிருக்கும். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன?

பொய் முடிவுகள் இன்னொன்று. சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மேடையில் முட்டி போட்டுச் சரிவார், அறிவிப்பாளர் டேனி ரே வந்து தோளில் அங்கியைப் போர்த்தி மெதுவாக உள்ளே நடத்திக்கொண்டு போவார், பாதி வழியில் உதறி எறிந்துவிட்டு மைக்குக்கு ஓடி வருவார். மறுபடி போர்வை, மறுபடி உதறல். எல்லோருக்கும் தெரிந்த நாடகம், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அவர் பாணி ஒட்டிக்கொள்ளாத சோல் மேடை குறைவு. ஆகையால் பாட்டு முடிந்துவிட்டது என்று கைப்பையைத் தேடாதீர்கள். முடிந்திருக்காது.

---

டிராய்வாசி | சனி பகல் 12:40

அப்பப்பா, எவ்வளவு விஷயம். எல்லோருக்கும் நன்றி. நீலாம்பரி மேடம் சொன்ன 'ரீச் அவுட்' பாட்டைக் காலையிலிருந்து ஆறு தடவை கேட்டுவிட்டேன், மனைவி திட்டுகிறாள்.

மூன்று சின்னச் சந்தேகம். ஒன்று, உண்மையாகவே கோட்டு சூட்டு வேண்டுமா? இரண்டு, மனைவிக்குச் சத்தம் அதிகமானால் தலைவலி வரும். மூன்று, கைதட்டல். யூடியூபில் கவனித்தேன், எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள், நான் தட்டினால் மட்டும் தனியாகக் கேட்கிறது.

---

நீலாம்பரி_66 | சனி பகல் 1:15

மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி, சிரிக்காதீர்கள் யாரும்.

நாம் தாளத்தைச் சமத்தில் தட்டிப் பழகியவர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் நம் கை ஒன்றில் விழும், அப்புறம் மூன்றில் விழும். அவர்களுடைய கை இரண்டிலும் நாலிலும். ஒன்றில் கால், இரண்டில் கை என்று வைத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும். தெரியாமல் ஒன்றில் தட்டினால் முன் வரிசை திரும்பிப் பார்க்கும். கோபத்தில் இல்லை, பரிதாபத்தில்.

மோட்டவுன் பாட்டு சிலவற்றில் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. ஃபோர் டாப்ஸின் 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' (1965) போன்ற பாட்டுகளில் நாலு அடியிலும் டிரம் விழும். அங்கே எதில் தட்டினாலும் சரிதான்.

---

சந்துமுனை | சனி பகல் 1:50

இரண்டாவதற்கு: மருந்துக்கடையில் காதில் வைக்கும் நுரைப்பஞ்சு ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். கச்சேரி பார்க்க வருபவர்களுக்குக் காது மந்தம் என்று மிக்ஸர் பிடிப்பவரே முடிவு பண்ணிவிடுவார் போல, பேஸ் கிடாரும் டிரம்ஸும் நெஞ்சில் வந்து முட்டும். பெரிய அரங்குகளில் இந்தத் தொல்லை எனக்கு ஒவ்வொரு தடவையும். அந்தக் காலத்து ரெக்கார்டில் குரல் முன்னால் இருக்கும், இப்போது குரலைத் தேட வேண்டியிருக்கிறது.

முதலாவதற்கு: அந்த அம்மா சொன்னபடி செய்யுங்கள். அவரைப் பகைத்துக்கொண்டு யார் பலகாரத்தை இழப்பது?

---

குரங்குபெடல் | சனி மாலை 4:30

இழைக்குள் புதுசாக நுழைகிறேன். அரீதா ஃபிராங்க்ளின் மேடைக்கே கைப்பையோடு வந்து பியானோ மேல் வைத்துவிட்டுப் பாடும் வீடியோ பார்த்தேன். அது ஸ்டைலா?

---

பழையரேடியோ | சனி மாலை 5:05

ஸ்டைல் இல்லை தம்பி, சம்பளம். அவர் பாடும் முன்பே பணத்தை ரொக்கமாகக் கேட்டு வாங்கிவிடுவார், அது பையில் இருக்கும், பை கண்ணெதிரில் இருக்கும். முதலாளிகளும் கச்சேரி ஏற்பாட்டாளர்களும் கறுப்பினப் பாடகர்களை ஏமாற்றிய ஏமாற்றெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். ஏசியையும் அணைக்கச் சொல்வார், குளிர் தொண்டைக்கு ஆகாது என்று. பார்க்க வந்தவர்கள் விசிறிக்கொண்டே கேட்பார்கள்.

அதே ஏமாற்றுக் கணக்கில் வாத்தியக்காரர்களும் உண்டு. 'மை கேர்ள்' தொடக்கத்தில் வரும் பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன், அதன் மேல் ஏறும் கிடார் ராபர்ட் வைட். உலகத்துக்கே தெரிந்த கிடார், வாசித்தவர் பெயர் ரெக்கார்ட் உறையில் கிடையாது. மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயரைப் போட ஆரம்பித்ததே 1971இல்தான். டிராய்வாசி, கச்சேரிக்கு முன்னால் ஒரு நாள் மேற்கு கிராண்ட் புலவார்டு 2648க்குப் போய் வாருங்கள். பெர்ரி கோர்டி 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி அந்த வீட்டில்தான் இருந்தது, இப்போது அருங்காட்சியகம். சாதாரண வீடு. மாடியின் மேல் பரணில் ஒரு ஓட்டை போட்டு அதை எதிரொலி அறையாக வைத்திருந்தார்கள், கீழே நின்று கைதட்டிக் காட்டச் சொல்லுவார்கள். (எப்படித் தட்டுவது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.)

---

குரங்குபெடல் | சனி மாலை 5:20

டியூக் ஃபக்கீர் என்று மேலே பார்த்தேன். ஃபக்கீரா? நம்ம பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கிறதே.

---

ஸ்கார்பரோ_சிவா | சனி மாலை 6:45

மாதிரி இல்லை, எங்கட பக்கம்தான். தகப்பன் இன்றைய வங்காளதேசப் பகுதியில் இருந்து டெட்ராய்ட்டுக்கு வந்து தொழிற்சாலையில் வேலை செய்தவர். முழுப்பெயர் அப்துல் ஃபக்கீர். நால்வரில் உயரத்தில் பாடிய குரல் அவருடையது. அந்த நாலு பேரும் 1953இல் சேர்ந்தவர்கள், 1997இல் லாரன்ஸ் பேட்டன் சாகும்வரைக்கும் ஒருவர்கூட மாறவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல! டெம்ப்டேஷன்ஸ் வீட்டில் ஒரே சண்டை, டாப்ஸ் வீட்டில் ஒரே அமைதி. இந்த இரண்டு வீட்டையும் ஒரு மேடையில் ஏற்றி மாறி மாறிப் போட்டிக்குப் பாட வைத்தது 1983இல், மோட்டவுன் 25ஆம் ஆண்டு விழாவில். அது பிடித்துப்போய்த்தான் இரண்டும் சேர்ந்து ஊர் சுற்றத் தொடங்கினது.

---

சந்துமுனை | சனி இரவு 8:10

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாற்பது வருடம் மாறாத நால்வரில் நாலு பேரும் போன பிறகு அது என்ன குழு? ஓட்டிஸ் வில்லியம்ஸும் போன பிறகு? பெயர்ப்பலகை மட்டும் ஊர் ஊராகப் போகுமா?

---

நீலாம்பரி_66 | சனி இரவு 8:55

போகும். போனால் என்ன? உங்கள் ஊர்க் கோவில் நாதஸ்வரத்துக்குத் தாத்தா, அப்பா, பிள்ளை என்று வந்தபோது "தாத்தா இல்லாத மேளம் என்ன மேளம்" என்று நீங்கள் கேட்டீர்களா?

---

சந்துமுனை | சனி இரவு 9:00

கேட்டிருக்கிறேன். பிள்ளை சரியாக வாசிக்கவில்லை.

---

ஸ்கார்பரோ_சிவா | சனி இரவு 9:20

😂😂

சந்துமுனை அண்ணை, உங்களுக்குத் தனி ஆட்கள்தான் சரி. குழுவை விடுங்கோ. அல் கிரீன் மேடையில் சிவப்பு ரோசாப்பூ எறிவார். மெம்பிஸில் 1976இல் இருந்து சொந்தமாகத் தேவாலயமே வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை யாரும் போகலாம். போனால் அவர் இருப்பார் என்று உறுதி இல்லை, இருந்தால் காசில்லாமல் கேட்கலாம். காணிக்கைத் தட்டு வரும், அதில் போடுங்கோ. பேட்டி லபெல் உருக்கத்தில் காலணியைக் கழற்றி உதறிப்போட்டுப் பாடுவார். சார்ல்ஸ் பிராட்லி என்று ஒருவர் இருந்தார், ஜேம்ஸ் பிரவுன் வேஷம் கட்டிப் பிழைத்தவர், தன் பெயரில் முதல் இசைத்தட்டுப் போடும்போது அறுபதைத் தாண்டிவிட்டார். பாட்டு முடிய இறங்கி வந்து சனத்தை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடிப்பார். 2017இல் போய்விட்டார். இருக்கிறவர்களிலே யாரையாவது பார்க்க வேண்டும் என்று நினைத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாதீங்கோ. நான் அப்படி விட்டவர்களின் பட்டியல் நீளம்.

---

டிராய்வாசி | ஞாயிறு பகல் 11:30 (இரண்டு வாரம் கழித்து)

போய்விட்டு வந்தோம். நேற்று ராத்திரி. இன்னும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை, நுரைப்பஞ்சை மனைவிக்கு மட்டும் வாங்கினேன், மடையன் நான்.

சூட்டு போட்டுக்கொண்டு போனேன். அந்த அம்மா கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார், டையைப் பிடித்து நேராக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் உடம்பெல்லாம் ஜிகினா மின்னும் ஊதா கவுன், அதே ஊதாவில் தொப்பி. தியேட்டர் 1928இல் கட்டியது, ஐயாயிரம் பேர் உட்காரலாம். உள்ளே போனால் அரண்மனை. அங்கே கல்யாண வீட்டுக் கூட்டம். தாத்தாக்கள் சட்டைக்குப் பொருத்தமான கலரில் ஷூ போட்டிருந்தார்கள். ஒருவர் மஞ்சள் சூட்டு, மஞ்சள் ஷூ, மஞ்சள் தொப்பி, எலுமிச்சம்பழம் நடந்து வந்த மாதிரி. நான் சிரிக்கப் பார்த்தேன், மனைவி கிள்ளினாள்.

குரலைப் பற்றிக் கேட்பீர்கள். நீலாம்பரி மேடம், கட்டை எல்லாம் எனக்குப் பிடிபடவில்லை, மன்னியுங்கள். 'ரீச் அவுட்' வந்தபோது உங்கள் திணறலைத் தேடினேன். முதல் சரணத்தில் தெரியவில்லை. அப்புறம் கூட்டம் மொத்தமும் எழுந்து அந்த உச்ச வரியைக் கத்தியது. ஐயாயிரம் பேரில் பாதிக்கு எழுபது வயது, யாருக்கும் அந்த உயரம் எட்டவில்லை. எல்லோரும் திணறினோம். மேடையில் இல்லாதது கீழே இருந்தது.

சந்துமுனை சார், உங்களுக்கும் ஒரு மார்க். குரலைவிட பேஸ்தான் அதிகம் கேட்டது. நடுவில் ஒரு கதம்பத்தில் நாலு பாட்டைப் பல்லவியோடு முடித்துவிட்டார்கள், எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

இடைவேளையில் அம்மா கைப்பையைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டே சொன்னார்: பதினான்கு வயதில் அக்காவோடு பஸ் ஏறி இதே தியேட்டருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மோட்டவுன் கச்சேரி பார்க்க வந்தாராம். திரும்பும்போது பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் பனியில் நடந்தே வீட்டுக்குப் போனார்களாம், வழியெல்லாம் அடவு போட்டுக்கொண்டு. அப்பா வாசலில் பெல்ட்டோடு நின்றாராம். "அடி விழுந்ததா?" என்று கேட்டேன். "அக்காவுக்கு" என்றார்.

'மை கேர்ள்' கடைசிக்கு முன்னால் வந்தது. அந்தப் பேஸ் மூன்று சுரம் விழுந்ததும், கிடார் வருவதற்கு முன்பே, சுற்றி எல்லோரும் "ம்ம்ம்" என்றார்கள். நல்ல சாப்பாட்டின் முதல் கவளத்துக்கு வருமே, அந்தச் சத்தம். பின் வரிசையில் ஒரு தாத்தா அடிக்குரல் பாகத்தை மட்டும் பாடினார், முழுப் பாட்டுக்கும், கண்ணை மூடிக்கொண்டு.

நானும் கைதட்டினேன். ஒன்றில். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, மேடையைப் பார்த்தபடியே கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார், ஒரு அடி விட்டார், பிறகு கையைக் கொண்டுபோய் இன்னொரு கையில் தட்ட வைத்தார். நாலைந்து தடவை அப்படியே பிடித்துக்கொண்டு தட்டிவிட்டு, சரியாக வருகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

---

நீலாம்பரி_66 | ஞாயிறு பகல் 12:10

நல்ல வாத்தியார். அவரிடம் கேளுங்கள், அக்கா இன்னும் இருக்கிறாரா?

---

டிராய்வாசி | ஞாயிறு பகல் 12:25

இருக்கிறார், அட்லாண்டாவில். ராத்திரி பதினொன்றரைக்குக் காரில் வரும்போதே போன் போட்டு, எந்தெந்தப் பாட்டுப் பாடினார்கள் என்று வரிசையாக ஒப்பித்தார். நான் ஒன்றில் தட்டியதையும் சேர்த்து.